ஸ்னூப்பி எப்போது எழுந்து நின்றது?

கேள்வி இதுதான்: 'பீனட்ஸ்' என்ற அமெரிக்க நாளிதழ்ப் படக்கதையின் முதல் வருடத்துக் கட்டங்களைப் பார்த்தால் சார்லி பிரவுன் என்ற சிறுவனும் அவன் நாய் ஸ்னூப்பியும் வேறு யாரோ வரைந்தது போல இருக்கிறார்கள். நடுவில் ஓவியர் மாறினாரா, இல்லை ஒரே ஆள் வேண்டுமென்றே பாணியை மாற்றிக்கொண்டாரா? மற்ற நாளிதழ்ப் படக்கதைகளிலும் இப்படித்தானா?

ஓவியர் மாறவில்லை. 1950 அக்டோபர் 2 அன்று ஏழு நாளிதழ்களில் தொடங்கி, 2000 பிப்ரவரி 13 வரை வந்த 17,897 ஸ்ட்ரிப்புகளையும் (ஒரு நாளுக்கான படக்கதைக் கட்டங்கள்) சார்லஸ் ஷுல்ஸ் ஒருவரேதான் செய்தார். யோசனை, பென்சில், மை, பேச்சு பலூனுக்குள் இருக்கும் எழுத்து எல்லாமே அவர் கை. அமெரிக்கப் படக்கதைத் தொழிலில் இது அபூர்வம். ஓரளவு பெயர் வந்ததும் பின்னணி வரைய ஒருவர், மை போட ஒருவர் என்று ஆள் வைத்துக்கொள்வதுதான் அங்கே வழக்கம். ஷுல்ஸ் வைத்துக்கொள்ளவில்லை. அதனால் உங்கள் கேள்விக்கு பீனட்ஸை விட நல்ல உதாரணம் கிடையாது. ஐம்பது வருடம் ஒரே கை, கிட்டத்தட்ட அதே பாத்திரங்கள். என்ன மாறியிருந்தாலும் அந்த ஒரு கைக்குள்ளேயே மாறியிருக்கிறது.

வேண்டுமென்றே மாற்றினாரா என்றால், கொஞ்சம் வேண்டுமென்று, பெரும்பகுதி தானாக. இந்தத் 'தானாக' என்பதை வரைந்து பழகாதவர்கள் நம்பமாட்டார்கள், அதனால் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வார இதழுக்கு மூன்று வருடம் ஒரே பாத்திரத்தை வரைந்தேன். ஒரு தபால்காரர். முதல் வாரம் அவருடைய தோள்பைக்கு வார் உண்டு, வாருக்குப் பக்கிள் உண்டு, பக்கிள் ஊசி நுழைகிற ஓட்டைகள்கூட உண்டு. ஒரு வருடம் கழித்துப் பழைய இதழ்களை எடுத்துப் பார்த்தபோது வார் ஒற்றைக் கோடாகிவிட்டிருந்தது. பக்கிளை எடுத்துவிடலாம் என்று நான் ஒரு நாளும் முடிவு செய்யவில்லை. கை விட்டுவிட்டது. நாலுவரி நோட்டில் உருட்டி உருட்டி எழுதிய 'அ'வும், இன்று அவசரத்தில் எழுதும் 'அ'வும் ஒன்றா? நடுவில் யாரும் உட்கார்ந்து கையெழுத்தை மாற்றுவதில்லை. தினமும் வரைகிற படமும் கொஞ்ச நாளில் கையெழுத்தாகிவிடுகிறது.

இப்போது பீனட்ஸின் முதல் நாளைப் பாருங்கள். நடைபாதை ஓரத்தில் ஷெர்மி, பாட்டி என்று ஒரு பையனும் பெண்ணும் உட்கார்ந்திருக்கிறார்கள். சார்லி பிரவுன் சிரித்தபடி கடந்துபோகிறான். 'நல்ல பையன்' என்று அவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வரும் ஷெர்மி, அவன் தாண்டிப் போனதும் 'இவனைக் கண்டாலே எனக்கு ஆகாது' என்கிறான். கோடுகள் சுத்தமாக, ஒரே கனத்தில், அடக்கமாக இருக்கின்றன. தலை பெரிது, உடம்பு ரொம்பச் சின்னது. கைகள் முளை விட்ட மாதிரி. சட்டையில் அந்த வளைந்து வளைந்து போகும் கறுப்புப் பட்டை இல்லை, வெள்ளைச் சட்டைதான். பட்டை அந்த டிசம்பரில் வந்தது. இந்தப் பிள்ளைகள் அழகான பொம்மைகள். பொம்மைகளாக இருப்பதால்தான் ஷெர்மி சொல்கிற வார்த்தை நம்மைத் திடுக்கிட வைக்கிறது. ஷுல்ஸ் அந்த முரணை வைத்தே தொடங்கினார்.

ஆனால் அந்தப் பொம்மை முகத்தால் ரொம்ப தூரம் போக முடியாது. சார்லி பிரவுன் அடுத்த பத்து வருடத்தில் தோற்க ஆரம்பிக்கிறான். பேஸ்பால் தோற்கிறான், பட்டம் மரத்தில் மாட்டுகிறது, காதலர் தினத்தில் ஒரு வாழ்த்தட்டைகூட வருவதில்லை. இதையெல்லாம் தாங்க வேறு வாய் வேண்டும், வேறு புருவம் வேண்டும். ஐம்பதுகளின் பிற்பகுதிக்கு வரும்போது அவன் வாய் ஒரு சின்ன அலைக்கோடாகிவிடுகிறது. அந்தக் கோடு கொஞ்சம் மேலே போனால் நம்பிக்கை, கொஞ்சம் நெளிந்தால் வெட்கம், இரண்டு நெளிவு சேர்ந்தால் வயிற்றைப் பிசையும் பயம். கண்ணுக்குப் பக்கவாட்டில் இரண்டு சின்ன வளைவுகள் வந்தால் தூக்கமில்லாத இரவு. உடம்பு கொஞ்சம் நீண்டது, தலைக்கும் உடம்புக்கும் இருந்த விகிதம் சீரானது. பேஸ்பால் ஆட, பட்டம் இழுத்து ஓட அந்த உடம்பு தேவைப்பட்டது. கதையில் வேலை கூடக் கூட உடம்பு வளர்ந்திருக்கிறது.

பிறரை அதட்டும் சிறுமி லூசியும் 1952-ல் வந்தபோது முட்டைக்கண்ணோடு, கண்ணைச் சுற்றி முழு வட்டம் போட்ட கைக்குழந்தை. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு யாரையும் அதட்ட முடியாது. சீக்கிரமே வட்டம் போய், மற்றப் பிள்ளைகள் மாதிரியே புள்ளிக் கண்ணும் பக்கத்தில் வளைவும் வந்தன. அதன்பிறகுதான் நமக்குத் தெரிந்த லூசி.

ஸ்னூப்பி கதை இன்னும் சுவாரசியம். 1950 அக்டோபர் 4 அன்று முதலில் வரும்போது அது நான்கு காலில் நடக்கிற ஒரு குட்டி நாய், அவ்வளவுதான். குட்டையான மூக்கு, உருண்டை உடம்பு. 1952-ல் அதன் தலைக்கு மேல் எண்ணக் குமிழி வந்தது. நாய் யோசிக்க ஆரம்பித்துவிட்டது. யோசிக்கிற பிராணி ரொம்ப நாள் நான்கு காலில் நிற்காது. 1956 வாக்கில் அது இரண்டு காலில் எழுந்தது. அப்போதைய ஸ்னூப்பியைப் பார்த்தால் கொஞ்சம் சங்கடமாகக்கூட இருக்கும்: கழுத்து நீளம், மூக்கு நீளம், நாயின் எலும்புக்கூட்டை நிமிர்த்தி நிறுத்தியது மாதிரி. ஷுல்ஸ் விடை தெரியாமல் தேடிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அந்தத் தேடல் அச்சிலேயே, லட்சக்கணக்கான பேர் பார்க்க நடந்தது. நாளிதழ்ப் படக்கதையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான். நாவலாசிரியர் பத்து தடவை திருத்திய பிறகு நம்மிடம் தருவார். இங்கே ஓவியரின் பயிற்சி நோட்டும் முடிந்த படைப்பும் ஒன்றே.

1958 டிசம்பர் 12 அன்று ஸ்னூப்பி முதல் முறையாகத் தன் கூண்டின் கூரை மேல் படுத்தது. கூரையோ கூம்பு. அதன் முகட்டில் எந்த நாயும் மல்லாந்து படுக்க முடியாது. பக்கவாட்டில் தட்டையாக வரைந்தால் மட்டும் கண் அதை ஒப்புக்கொள்ளும். ஆரம்ப வருடங்களில் கூண்டின் முன்பக்கமும் பக்கச் சுவரும் சேர்ந்து தெரிகிற கோணத்தில் ஷுல்ஸ் வரைந்திருக்கிறார். ஸ்னூப்பி மேலே ஏறியபிறகு கூண்டு மெல்லப் பக்கவாட்டுக்கே திரும்பி அங்கேயே நின்றுவிட்டது. அப்புறம் அதற்குள்ளே வான்கோ ஓவியம் இருக்கிறது என்றார்கள், பில்லியர்ட்ஸ் மேஜை இருக்கிறது என்றார்கள். வாசகர் நம்பினார்கள். ஷுல்ஸ் உள்ளே ஒருமுறையும் எட்டிப் பார்க்க விடவில்லை. 1965 அக்டோபரில் அதே கூரை முதல் உலகப் போர் விமானமானபோது, ஒரு விமானத்தையும் அவர் வரைய வேண்டியிருக்கவில்லை. கூரையின் ஒரு கோடு போதும், துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டைகள் நாலு போதும். ஓவியம் எளிமையாகும்போது கதை பெரிதாக முடிந்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அவர் முயன்று பார்த்துக் கைவிட்டதும் உண்டு. 1954 மே மாதம் ஞாயிறு இதழ்களில் லூசி ஒரு கோல்ஃப் போட்டியில் ஆடும் தொடர் வந்தது. அதில் பெரியவர்கள் கூட்டமாக நிற்கிறார்கள். இன்று பார்த்தால் யாரோ நம் வீட்டுக்குள் அழைக்காமல் வந்துவிட்ட மாதிரி இருக்கும். அந்தப் படக்கதையின் கண்மட்டமே குழந்தையின் உயரம். பெரியவர் உள்ளே வந்தால் காமிரா மேலே போயாக வேண்டும். ஷுல்ஸ் திரும்ப அந்தப் பக்கம் போகவில்லை.

இதில் பத்திரிகைக்காரர்களுக்கும் பங்கு உண்டு. பீனட்ஸை நாளிதழ்களுக்கு விற்ற சிண்டிகேட் (படக்கதைகளைப் பல நாளிதழ்களுக்கு விநியோகிக்கும் நிறுவனம்) அதை இடம் மிச்சம் பிடிக்கும் படக்கதை என்றே விற்றது. நான்கு சம அளவுக் கட்டங்கள். பக்கத்தில் எங்கே இடம் இருக்கிறதோ அதற்கேற்ப வரிசையாகவும் போடலாம், ஒன்றின் கீழ் ஒன்றாகவும் போடலாம், இரண்டுக்கு இரண்டாகச் சதுரமாகவும் போடலாம். அவ்வளவு சின்னக் கட்டத்துக்குள் நுணுக்கம் நிற்காது. செய்தித்தாள் மையும் காகிதமும் வேறு. நெருக்கமாகக் கோடு போட்டால் மை ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புத் திட்டாகும். மெல்லிய கோடு அச்சில் விட்டு விட்டு வரும். அப்படியானால் எந்தக் கோடு பிழைக்கும்? தனியாக, தைரியமாக நிற்கிற கோடு. ஷுல்ஸ் 'எஸ்டர்புரூக் 914' என்ற நிப்பில் வரைந்தார். அழுத்தினால் தடிக்கும், விட்டால் மெலியும். அந்தக் கம்பெனி நிப் தயாரிப்பை நிறுத்தப்போகிறது என்றதும் மிச்சமிருந்த சரக்கை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டார். வெளியில் இருப்பவருக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். நிப் மாறினால் சார்லி பிரவுனின் வாய் மாறிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

1988 பிப்ரவரி 29 முதல் அந்த நான்கு கட்டக் கட்டாயத்தை அவர் விட்டுவிட்டார். சில நாள் மூன்று கட்டம், சில நாள் ஒரே நீளக் கட்டம். ஒரே வருடத்தின் முதல் இரண்டு மாதத்தையும் அடுத்த மாதங்களையும் ஒப்பிட்டால் மூச்சு விடுகிற வித்தியாசம் தெரியும்.

சரி, மற்றப் படக்கதைகளுக்கு வருவோம். 'கார்ஃபீல்ட்' என்ற பூனையைப் பலருக்கும் தெரியும். 1978 ஜூன் 19 அன்று வந்த முதல் ஸ்ட்ரிப்பில் அது ஒரு மாமிச மலை. தொங்குகிற கன்னம், சின்னக் கண், தரையோடு ஒட்டிய உடம்பு. இன்றைய கார்ஃபீல்டுக்கு முகத்தில் பாதி கண், இரண்டு காலில் நடை, படகு மாதிரிப் பாதம். அந்தப் பாதத்தின் கதையை ஓவியர் ஜிம் டேவிஸே சொல்லியிருக்கிறார். தொலைக்காட்சி அனிமேஷனுக்காகக் கார்ஃபீல்டை எழுப்பி நிறுத்த வேண்டியிருந்தது. எப்படி வரைந்தாலும் விழுந்துவிடும் போலவே இருந்தது. அதே ஸ்டுடியோவில் இருந்த ஷுல்ஸ் பார்த்துவிட்டு, 'பூனைப் பாதத்தை வைத்துக்கொண்டு அது எப்படி நிற்கும்' என்கிற மாதிரிச் சொல்லி, பெரிய பாதமாக வரைந்து காட்டினாராம். நின்றுவிட்டது. ஸ்னூப்பியை நிற்கவைக்கப் பல வருடம் தடுமாறியவருக்குத்தானே அந்தத் தீர்வு தெரியும்! கார்ஃபீல்டின் மாற்றம் பீனட்ஸைப் போல உள்ளிருந்து வந்தது இல்லை என்பது என் கருத்து. பொம்மை, குவளை, தொலைக்காட்சி என்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரைய, பல கைகள் வரைய வசதியான உருவத்தை நோக்கி அது போனது. தொழிலாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம். ஆனால் 1978-ன் அந்தக் குண்டுப் பூனையிடம் இருந்த சோம்பலின் கனம் பிறகு வரவில்லை.

முப்பதுகளின் சாகசப் படக்கதைகளில் மாற்றம் வேறு காரணத்தால் வந்தது: நேரம். 'ஸ்கார்ச்சி ஸ்மித்' என்ற விமானி கதையை வரைந்துகொண்டிருந்த ஜான் டெரி நோய்வாய்ப்பட்டதும் அது நோயல் சிக்கில்ஸ் என்ற இளைஞரிடம் வந்தது. வாசகருக்கு வித்தியாசம் தெரியக்கூடாது என்பதால் முதலில் டெரியின் பாணியையே அவர் பார்த்துப் பார்த்து வரைந்தார். அப்புறம் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் வழிக்கு இழுத்தார். ஒவ்வொரு சுருக்கத்தையும் நிப்பில் கீறுவதற்குப் பதில், வெளிச்சம் படாத இடத்தைத் தூரிகையால் ஒரே இழுப்பில் கறுப்பாக்கிவிடுவது. விமானத்தின் அடிப்பகுதி முழுக்கக் கறுப்பு, மேலே வெள்ளை. நடுவில் ஒரு போல்ட்கூட வரையவில்லை, ஆனால் உலோகம் தெரியும். அவரோடு ஒரே ஸ்டுடியோவில் இருந்த மில்டன் கேனிஃப், 1934-ல் தொடங்கிய தன் 'டெரி அண்ட் த பைரட்ஸ்' கதையில் இதைக் கற்றுக்கொண்டு எடுத்துக்கொண்டார். முதல் வருடத்து 'டெரி'யையும் இரண்டு வருடம் கழித்து வந்ததையும் பக்கத்தில் வைத்தால் கோட்டுப் படம் திரைப்படமானது போல இருக்கும். கெடுவுக்குள் முடிக்க உதவிய குறுக்குவழி, ஒரு தலைமுறை ஓவியர்களுக்கு இலக்கணமாகிவிட்டது.

நீங்கள் கேட்டதில் 'ஓவியர் மாறினாரா' என்ற பகுதிக்கு நம்மூர் வாசகருக்கு நன்றாகத் தெரிந்த ஆள் இருக்கிறார். மாயாவி என்றும் வேதாளர் என்றும் தமிழில் படித்த ஃபேண்டம்தான் அவர். லீ ஃபாக் எழுதி 1936 பிப்ரவரி 17 அன்று தொடங்கிய படக்கதை. முதலில் வரைந்த ரே மூர் இருட்டின் ஓவியர். ஒல்லியான, நிழலோடு நிழலாக நழுவும் முகமூடி வீரன். நாற்பதுகளில் அது வில்சன் மெக்காய் கைக்குப் போனது. அவருடைய கோடு தட்டை, ஆட்கள் விறைப்பு, காடு நாடக மேடை மாதிரி. 1961-ல் அவர் இறந்தபின் கொஞ்ச காலம் பில் லிக்னான்ட், அப்புறம் சை பாரி. பாரி 1994 வரை வரைந்தார். தசை, எடை, நவீன நகரம், உண்மையான முகம் எல்லாம் அவரோடு வந்தவை. இந்தியாவில் 1964 முதல் 1990 வரை வந்த இந்திரஜால் காமிக்ஸும் பிற வெளியீடுகளும் பல காலத்துக் கதைகளையும் கலந்து போட்டதால், சிறுவயதில் எனக்கு ஒரு மாதம் மெக்காயின் பொம்மை வீரனும் அடுத்த மாதம் பாரியின் பயில்வானும் கிடைப்பார்கள். கதையில் முகமூடி தலைமுறை தலைமுறையாகத் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் அல்லவா? அதனால் அது அப்பா, இது மகன் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். இன்றும் அது நல்ல விளக்கமாகவே படுகிறது. எத்தனை கை மாறினாலும் யாரும் தொடாத சில உண்டு: முகமூடிக்குள் கருவிழி இல்லாத கண், கோடு போட்ட கால்சட்டை, மண்டையோட்டு மோதிரம், ஒருபோதும் காட்டப்படாத முழு முகம். இவற்றை மாற்றினால்தான் ஆள் மாறிவிட்டதாக வாசகர் எடுத்துக்கொள்வார். மீதியை மன்னித்துவிடுவார். தினத்தந்தியின் 'கன்னித்தீவு' சிந்துபாத்தை ஓவியர்கள் கைமாறி வரைந்தபோதும் வாசகர்கள் விடாமல் கூடவே போனது இதனால்தான்.

எல்லாமே மாறுகிறது என்றும் சொல்ல முடியாது. 1930-ல் சிக் யங் தொடங்கிய 'பிளாண்டி'யில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, பிளாண்டி 1991-ல் சொந்தமாகக் கேட்டரிங் தொழிலும் ஆரம்பித்துவிட்டாள். ஆனால் கணவன் டாக்வுட்டின் தலையில் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முடி அப்படியே இருக்கிறது. படைத்தவர் 1973-ல் போய்விட்டார். பிறகு வந்தவர்களுக்கு மாற்ற உரிமை இல்லை என்ற உணர்வு. அதனால் படம் உறைந்துவிட்டது. ஒருவரே வரையும்போது கோடு உயிரோடு நகரும், பரம்பரைச் சொத்தாகும்போது பெரும்பாலும் நின்றுவிடும். விதிவிலக்கு 'நான்சி' என்ற பழைய படக்கதை. 2018-ல் ஒலிவியா ஜேம்ஸ் என்ற புனைபெயரில் வந்த ஓவியர் அதைப் புதிதாகவே எடுத்துக்கொண்டார். எதிர்ப்பும் வந்தது, புது வாசகர்களும் வந்தார்கள்.

பில் வாட்டர்சன் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. கால்வின் என்ற சிறுவனும் ஹாப்ஸ் என்ற அவன் புலியும் வரும் அவருடைய 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' 1985 முதல் 1995 வரை, பத்து வருடம்தான். தொடக்கத்தில் ஹாப்ஸின் உள்ளங்கையில் புலியின் மெத்தைத் திட்டுகளை வரைந்துகொண்டிருந்தார். கண்ணை இழுக்கிறது என்று எடுத்துவிட்டார். இது சின்ன மாற்றம். பெரிய மாற்றம் ஞாயிறு பக்கத்தில். அந்தக் கால ஞாயிறு வடிவத்தில் மேல் வரிசையைப் பத்திரிகைகள் இடத்துக்காக வெட்டிவிடலாம். ஆகவே அங்கே முக்கியமான எதையும் வைக்க முடியாது. 1992-ல் ஓய்வு முடிந்து திரும்பியபோது, வெட்டவும் கலைக்கவும் முடியாத அரைப் பக்கம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். ஆசிரியர்கள் பலர் கோபப்பட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு வந்த ஞாயிறு பக்கங்களில் டைனோசரும் பனிக்காடும் விரிந்ததைப் பாருங்கள். திறமை அவரிடம் முன்பே இருந்தது, இடம்தான் இல்லை. பத்திரிகைகள் வருடா வருடம் கட்டத்தைச் சுருக்கியதால் எத்தனை நல்ல கைகள் வெறும் பேசும் தலைகளாகக் குறுகிப்போயின என்று நினைக்கும்போது எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று, ஷுல்ஸ் பற்றியே. 1981-ல் அவருக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து கோட்டில் அது தெரியும். சார்லி பிரவுனின் தலைவட்டம் சின்னச் சின்ன அலைகளாக ஓடும், புல் தரை துடிக்கும். சிலர் இதைத் தளர்ச்சி என்று எழுதினார்கள். நான் ஒப்பமாட்டேன். நடுக்கம் இருந்தும் ஒவ்வொரு கோடும் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆள் வைத்து வரையச் சொல்லும் வசதியும் புகழும் இருந்தும் அவர் பேனாவை யாரிடமும் கொடுக்கவில்லை. 2000 பிப்ரவரி 12 இரவு அவர் இறந்தார். மறுநாள் காலை ஞாயிறு இதழ்களில் கடைசி பீனட்ஸ் வந்தது.

நீங்களே பார்க்க வேண்டுமென்றால் முழுத் தொகுப்பு புத்தகங்களாக வந்திருக்கிறது, இணையத்திலும் தேதி வாரியாகப் படிக்கலாம். 1958 டிசம்பர் 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஸ்னூப்பி அதே மாதிரிப் படுத்திருக்கும் ஏதாவது ஒரு நாளையும் பக்கத்தில் வையுங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள். கூரையின் கோட்டை மட்டும், இடது முனையிலிருந்து வலது முனை வரை, மெதுவாகக் கண்ணால் தடவிக்கொண்டே போங்கள்.